வேதமா, வழக்கமா?

‘சபையின் குறையைச் சபையின் பிள்ளையே எடுத்துரைக்கலாமா? அது துரோகமன்றோ?’ என்று கேட்போர் எல்லாச் சமயத்தாரிடையேயும் உளர். அவர்களுக்கு விடையாகத் தென்னாப்பிரிக்காவின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றையே எடுத்து வைக்கிறோம்.

1829-ஆம் ஆண்டில் கேப் பகுதியில் கூடிய அச்சபையின் மாமன்றம், நிறமும் பிறப்பும் பாராமல் விசுவாசிகள் அனைவரும் ஒன்றாகவே திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்றும், இது இறைவேதத்தின்மீது நிற்கும் அசைக்கவொண்ணாக் கொள்கை என்றும் அறிவித்தது. ஆண்டுகள் இருபத்தெட்டு சென்றன. வெள்ளையரல்லாதாருடன் ஒரே விருந்தில் அமர வெள்ளையர் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. 1857-ஆம் ஆண்டு மாமன்றம் என்ன செய்தது? சேர்ந்து வழிபடுவதே விரும்பத்தக்கது, வேதத்திற்கும் இசைந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆயினும், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்தவும் இசைந்தது!

அன்பர்களே, தராசின் ஒரு தட்டில் வேதம். மறு தட்டில் சிலருடைய பலவீனம். தாழ்ந்தது எது என்று பார்த்தீர்களா? அன்று விலக்காக நுழைந்தது, 1881-இல் கலப்பினத்தார்க்கெனத் தனிச் சபையே அமையும் அளவுக்கு விதியாயிற்று. 1948-க்குப் பின் நிறவெறி நாட்டின் சட்டமாகவே ஆனபோது, அதைத் தாங்கும் தூணாக இச்சபை நின்றது.

செயல் முடிந்த பிறகு ஆதாரம் தேடும் படலம் தொடங்கிற்று. 1974-இல் வெளிவந்த சபையின் அறிக்கை, பாபேல் கோபுர வரலாற்றையும், அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தின் 26-ஆம் வசனத்தையும் துணைக்கழைத்தது. மக்களினங்களுக்கு இறைவன் எல்லைகளைக் குறித்தான் என்பது அவ்வசனத்தின் பிற்பகுதி. எல்லா இனத்தாரையும் ஒரே மூலத்திலிருந்து தோற்றுவித்தான் என்பதன்றோ அதன் முற்பகுதி? அதனோடு இணங்காத பொருளைப் பிற்பகுதிக்கு ஏற்றலாமா? நாடுகளின் எல்லையைப் பேசும் வசனம், ஆலயத்தில் யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதையா பேசுகிறது?

அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தையும் அவர்கள் படித்திருக்கலாம். பவுல் போதித்தவை மெய்தாமோ என்று நாள்தோறும் வேதத்தை ஆராய்ந்த பெரோயா நகரத்தாரை அவ்வசனம் புகழ்கிறது. பவுலையே உரைத்துப் பார்க்கலாமாம். மாமன்றத்தை மட்டும் உரைத்துப் பார்க்கலாகாதோ?

‘இரு சாராரும் வேதத்தைத்தானே காட்டுகின்றனர், தீர்ப்பது யார்?’ என்பாருமுண்டு. யார் படித்துவிட்டு நடந்தார்கள், யார் நடந்துவிட்டுப் படித்தார்கள் என்று பாருங்கள். 1857-ஆம் ஆண்டுத் தீர்மானமே சாட்சி சொல்லும்.

சபைக்குள்ளேயே உரைகல்லைக் கையிலெடுத்தோர் இருந்தனர். பேயர்ஸ் நோடே என்னும் போதகர், வெள்ளையர் ஆதிக்கத்திற்கு அரணாயிருந்த புரூடர்பாண்ட் என்னும் இரகசியச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரின் மகன். தாமும் அதில் உறுப்பினர். ஷார்ப்வில்லில் 1960-இல் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது அவர் உள்ளத்தை உலுக்கிற்று. வேதத்தை மீண்டும் ஆராய்ந்தவர், சங்கத்தை விட்டார். 1963-இல் போதகப் பதவியையும் இழந்தார். மனிதருக்கன்று, இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்னும் வசனத்தை முன்வைத்துத் தம் சபையாரிடம் விடைபெற்றார். 1977 முதல் ஏழாண்டுகள் அரசு அவருக்குத் தடையாணை பூட்டியது. உற்றாரும் சபையாரும் துரோகி என்றனர்.

காலம் தீர்ப்பளித்தது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறி பாவம் என்றும், அதற்கு வேத நியாயம் கற்பித்தது வேதப்புரட்டு என்றும் அறிவித்தது. அன்று பிரித்து வைக்கப்பட்ட அந்தத் தனிச் சபையே, ஒற்றுமையை வேதக் கட்டளையாக முழங்கும் பெல்ஹார் அறிக்கையை 1986-இல் ஏற்றது. அதே ஆண்டில் தாய்ச்சபையும் தன் கதவை எல்லா இனத்தார்க்கும் திறந்தது. 1990-இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் அதன் அறிஞர் வில்லி யாங்கர் எழுந்து, பாவத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இப்போது சொல்லுங்கள்: சபைக்குத் துரோகம் செய்தவர் யார்? குறையைச் சொன்னவரா, குறைக்கு வசனம் தேடியவரா? 1857-இலேயே ஒரு நோடேயின் சொல்லுக்கு மாமன்றம் செவிசாய்த்திருந்தால், நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் அந்தக் கதவு அடைபட்டிருக்குமா? வேதத்தைப் பட்டுத்துணியில் பொதிந்து உயரத்தில் வைப்பது மரியாதையாகலாம். தம் வழக்கத்தை அதன்முன் நிறுத்தி, அது சொல்லும் தீர்ப்புக்குத் தலைவணங்குவதன்றோ விசுவாசம்!