சுத்தியல் வேண்டாம்!

காரின் முன் சக்கரத்தில் "ஊம்" என்று இரைச்சல். வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. பெரும்பாலும் பேரிங் தேய்ந்ததின் அடையாளம் இது.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்? புதிய பேரிங்கைச் சுத்தியலால் "டங், டங்" என்று அடித்து ஏற்றுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது என்று நமக்கும் மகிழ்ச்சி!

இது பெரும் தவறு. பேரிங்கில் உள் வளையம், வெளி வளையம், நடுவே எஃகுக் குண்டுகள். உள் வளையத்தில் விழும் அடி, குண்டுகள் வழியாகப் பாயும். அவை ஓடும் பாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் பழைய இரைச்சல் திரும்பி வரும்.

பிரஸ்ஸில் வைத்து, வெளி வளையத்தை மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். (சில புதிய கார்களில் ஹப்பும் பேரிங்கும் ஒன்றாகவே வரும். போல்ட் முடுக்கினால் போதும்.) நடு நட்டை, கார் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். "கை அளவு போதும்" என்பார்கள். போதாது. நட்டு தளர்ந்தால் சக்கரம் ஆடும். வண்டிக்குள் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்!

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வானேன்? "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுகிறவர்கள் நாம்தானே!

"பிரஸ் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இல்லையா? பேரிங் உட்காரும் இரும்புப் பாகத்தைக் கழற்றி, லேத் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடும். கொடுங்கள்.