வெயிலைப் படிக்கும் படிப்பு

சென்ற மாதம் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தியின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் தொழில்நுட்பம் படிக்க ஆசை. அவருக்கோ அதில் விருப்பமில்லை. "படம் வரையறதுக்கா டீச்சர் இவ்வளவு பிசிக்ஸ் படிச்சா?" என்று கேட்டார்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். "உங்க வீட்ல சாயங்காலம் எந்த ரூம்ல உட்கார முடியல?" யோசிக்காமல் சொன்னார்: "மேல்மாடி முன்னறை." அந்த அறை மேற்கு பார்த்தது.

ஸ்கூடாய் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் கூரை காய்கிறது. காலையிலும் மாலையிலும் கதிர் சாய்ந்து வருவதால் கிழக்கு, மேற்குச் சுவர்கள் காய்கின்றன. சாய்ந்த வெயிலைக் கூரையின் இறவாரம் தடுக்காது. பகலெல்லாம் செங்கல் வாங்கிய வெப்பம் இரவில் அறைக்குள் இறங்குகிறது. நான்காம் படிவத்தில் நாங்கள் நடத்தும் 'வெப்பம்' பாடம் முழுவதும் அந்த முன்னறையில் இருக்கிறது. எந்தச் சுவரை எங்கே நிறுத்துவது, கூரைக்கு அடியில் எதை விரிப்பது, காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவது என்பதைக் கணக்கிட்டுத் தீர்மானிப்பதுதான் கட்டடக்கலைத் தொழில்நுட்பம். வரைபடம் அதன் கடைசி வேலை.

இதை மாணவர்களுக்குக் காட்ட ஒருமுறை எங்கள் வகுப்பறையையே அளக்கச் சொன்னேன். நீளம் 9 மீட்டர், அகலம் 7.5 மீட்டர், தரைப் பரப்பு 67.5 சதுர மீட்டர். 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச்சட்டப்படி, வகுப்பறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது; காற்று தடையின்றிப் போக 10 விழுக்காட்டுத் திறப்பும் வேண்டும். அதாவது 13.5, 6.75 சதுர மீட்டர். சன்னல் பரப்பு தேறியது, திறப்பு தேறவில்லை. பாதிச் சன்னல்களை அலமாரி மறைத்திருந்தது; சில கண்ணாடிப் பட்டைகள் துருப்பிடித்துத் திறக்கவே மறுத்தன. மறுநாள் மாணவர்களே அலமாரியை நகர்த்தினார்கள். பிற்பகல் பாடத்தில் தூங்கி விழுந்தவர்கள் குறைந்தார்கள்.

நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. கட்டடக்கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1992இல் முடிந்த சுபாங் ஜெயா மெசினியாகா கோபுரத்தில், மின்தூக்கியும் படிக்கட்டும் வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டன. உள்ளே வேலை செய்பவர்களுக்கு அவையே வெயில் தடுப்பு. அக்கட்டடம் 1995இல் ஆகா கான் விருது பெற்றது.

இந்தப் படிப்பு எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய உடனே 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்டிக்கொள்ள முடியாது. 1967ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர் சட்டத்தின் கீழ் அந்தப் பெயருக்குப் பதிவு வேண்டும். அதற்கு மூன்று கட்டத் தகுதிகளையும் பணி அனுபவத்தையும் கடக்க வேண்டும். ஆண்டுகள் பல ஆகும். மாதிரி செய்யும் பொருள்களுக்கும் கணினிக்கும் செலவாகும். இதையெல்லாம் அந்தத் தந்தையிடம் மறைக்கவில்லை.

ஆனால் ஒரு குறை எனக்குண்டு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாயிலேயே இருக்கிறது. அங்கே கட்டடக்கலைப் படிப்பும் உண்டு. அதன் வாசலைக் கடந்து பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்று மூன்று கதவுகளை மட்டுமே அவர்களுக்குக் காட்டுகிறோம். இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. தகரக் கூரையின் கீழ்த் தோட்டத்து லயத்தில் வெந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வெக்கையில்லாத வீட்டைக் கட்டத் தெரிந்தவர்கள் நம்மிடமிருந்தும் வர வேண்டாமா?

அந்தத் தந்தை இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "முன்னறைக்கு என்ன செய்யலாம்னு பாப்பாவையே கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.