தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்கும் சத்தம் அடங்கி, தெரு வேறு யாருடைய தெருவோ போல இருக்கும். போன அமாவாசை மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு படம் போட்டார்கள். கல்லூரியில் படிக்கும் நான்கைந்து பேரும், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. காலியாகக் கிடந்த நெல் கொட்டகையில் வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். நாற்பது பேர் இருப்போம். பாதிப் பேர் பெண்கள்.

படம், அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் பேசும் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்'. 2006இல் வந்தது, மறு ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. பழைய படம்தான். ஆனாலும் காற்றில் கரியமில வாயு ஏறிய கதையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படங்கள் குறைவு. ஆசிரியர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார். பனிப்பாளத்துக்குள் சிக்கிய காற்றுக் குமிழியிலிருந்து ஆறரை லட்சம் வருடத்துக் கணக்கை எடுத்து, சுவரளவு கோட்டுப்படமாகக் காட்டும் இடம் வந்தது. இன்றைய அளவைத் தொட்டுக்காட்ட அல் கோருக்குக் கை எட்டாமல், தூக்கு இயந்திரத்தில் ஏறி மேலே போகிறார். அந்த இடத்தில் கொட்டகை அமைதியாகிவிட்டது. "இது 2006 கணக்கு. 1958இல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது" என்றார் ஆசிரியர்.

என் வயதுக்காரர்களுக்கு ஆவணப்படம் என்றாலே டூரிங் டாக்கீஸில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம்தான் நினைவுக்கு வரும். 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. எங்கோ அணை திறப்பார்கள், எங்கோ வெள்ளம் வரும், முடிந்ததும் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ வந்துவிடுவார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. இந்த மாலையில் கேட்டார்கள். அதை எழுதத்தான் இந்தப் பத்தி.

பேசத் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். இந்தப் படத்தைப் பள்ளிகளில் காட்டக் கூடாது என்று 2007இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு பெற்றோர் வழக்குப் போட்டார். படத்தின் அடிப்படை அறிவியல் சரியே என்றார் நீதிபதி மைக்கேல் பர்ட்டன். ஆனால் ஒன்பது இடங்களில் படம் விஞ்ஞானிகளின் பொதுக் கருத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும் குறித்தார். கிளிமஞ்சாரோ மலையின் பனி கரைவதற்குப் புவி வெப்பமாவதையே காரணமாகச் சொன்னது அவற்றில் ஒன்று. காட்டலாம், கூடவே ஆசிரியருக்கான விளக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இதை முன்கூட்டியே சொன்னதற்காக அந்த ஆசிரியரை நான் மதிக்கிறேன். குறையையும் சேர்த்துச் சொன்னவரிடம்தான் மக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பேசினார்கள். 2005 ஜூலையில் மும்பையில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியது படத்தில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவி எழுந்தாள். "மும்பை எதுக்கு சார்? நம்ம ஜில்லாவுலயே நடந்துச்சே" என்றாள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடலிலிருந்து வெகு தூரத்தில், பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்துக்கு நாம் கையெடுத்துக் கும்பிடும் மலை அது. அவள் சொல்லி முடித்ததும் யாரோ விளக்கைப் போட்டார்கள். அதுவரை இருட்டில்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அது விழும்போது மொத்தமாக விழும் என்று ஆசிரியர் விளக்கினார். அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். அறுபது வருடமாகக் குழித்தறியில் கால் வைத்தவர். "வெள்ளம் வந்தா பேப்பர்ல போடுறாங்க. என் தறிக்குழியில தண்ணி ஊறுறதை யார் போடுறாங்க?"

தறி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழித்தறி என்றால் நெசவாளர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். தொடர்ந்து மழை பெய்தால் குழியில் நீர் ஊறும். மொண்டு ஊற்றினாலும் மறுநாள் ஊறும். ஈரக் காற்றில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும், பாவு என்னும் நெடுக்கிழை தொய்யும், ஜரிகை கறுக்கும் என்ற பயம் வேறு. பாவை விடிகாலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளித்து, இளவெயிலில் காயவைக்கும் வேலைக்கு வெயில் வேண்டும், அதுவும் அளவான வெயில். சாயம் ஏற்றிய நூலும் அப்படித்தான். கோடையில் கதை தலைகீழ். வறண்ட அனலில் இழை முறுக்கேறி அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடை, அதாவது குறுக்கிழை. தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி போட்டால் மெல்லிய நூல் பறக்கும் என்று, வேர்க்க வேர்க்க நெய்வதாக ஓர் அம்மா சொன்னார். "சேலையில வேர்வை சொட்டிடுமோன்னு துண்டைத் தோள்லயே போட்டுக்கறேன் தம்பி" என்றார்.

பட்டு தறிக்கு வருமுன்னே வெப்பம் அதைத் தொட்டுவிடுகிறது. பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். அதற்கு மேல் போகப் போகப் புழு இலையைத் தின்னாது, நோய் பற்றும், கூடு மெலியும். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். கூடு மெலிந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் பட்டுக்கூட்டு விலை ஏறினால், சில நாளில் ஆரணி முதலாளி கோராப் பட்டு விலையைச் சொல்லிக் கூலியை இழுத்துப் பிடிப்பார். கர்நாடகத்து மல்பெரித் தோட்டத்தில் அடித்த வெயில் ஆரணியில் கூலிக் குறைவாக வந்து இறங்கும்.

அன்றிரவு எனக்கு உறைத்த விஷயம் இதுதான். ஆரணியில் கூலி சேலைக்கு, நாளுக்கு இல்லை. பதினைந்து நாளில் முடிய வேண்டிய சேலை மழையில் இருபத்திரண்டு நாள் இழுத்தாலும் கூலி அதேதான். கணக்குப் புத்தகத்தில் 'ஒரு சேலை' என்று ஒரு வரி விழும். அந்த ஏழு நாள் எந்த ஏட்டிலும் இல்லை. வெள்ளத்தில் வீடு இடிந்தால் வி.ஏ.ஓ. வந்து எழுதிக்கொண்டு போவார். பயிர் அழுகினாலும் கணக்கெடுப்பு உண்டு. கிழக்குக் கடற்கரை மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு அரசு நிவாரணம் தருகிறது. அது அவர்கள் போராடிப் பெற்றது, நியாயமானது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் உயிர் போகாமல், தறி மட்டும் நின்ற நாளுக்கு என்ன பெயர்? மழைக்கால நிவாரணம் என்பது நெசவாளர்களின் பழைய கோரிக்கை. கேட்கும்போதெல்லாம், எத்தனை நாள் நின்றது என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம். பதில் சொல்ல நம் கையில் காகிதம் இல்லை.

"எல்லாம் நம்ம கையை மீறினது" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அதை நான் ஏற்கவில்லை, அங்கேயே சொன்னேன். ஆரணி வழியே ஓடும் நம் கமண்டல நாகநதியின் பெயரிலேயே நாகநதி இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதியை மீட்க ஊர்ப் பெண்கள் கால்வாய் வெட்டினார்கள், தடுப்பணை கட்டினார்கள், நீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகள் தோண்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் அவர்களைக் குறிப்பிட்டார். பெய்யும் மழையை மண்ணுக்குள் அனுப்புவது என்பது அவர்கள் செய்து காட்டிய வேலை. நம் தெருவில் சாக்கடையை அடைத்துவிட்டு, தண்ணீர் தறிக்குழிக்குள் வருகிறது என்று அழுவதில் பாதித் தவறு நகராட்சியுடையது, பாதி நம்முடையது.

கூட்டம் முடிய இரவு பத்தரை ஆனது. கடைசியாக அந்த மாணவி ஒரு யோசனை சொன்னாள். எனக்கு அது படத்தைவிடப் பெரிதாகப் பட்டது. ஒவ்வொரு தறி வீட்டிலும் தினசரி காலண்டர் தொங்குகிறது. மழையால் தறி நின்றால் அந்தத் தாளில் 'ம' என்று எழுத வேண்டும். அனல் தாங்காமல் நிறுத்தினால் 'வெ'. குழியில் நீர் ஊறினால் எத்தனை குடம் மொண்டோம் என்றும் எழுதலாம். கிழித்த தாளை எறியாமல் ஆணியில் குத்தி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எல்லாத் தெருத் தாள்களையும் சேர்த்துக் கைத்தறித் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்பது என்று பேசி முடித்தோம்.

ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், எங்கே தறி வைத்திருந்தாலும் சரி, நீங்களும் நாளை காலையே தொடங்குங்கள். தாளை எறிந்துவிடாதீர்கள்.