கூட்டாகத் திருடினால் கடும் தண்டனை... ‘கூட்டம்’ என்றால் எத்தனை பேர்?

‘‘அம்மா, உங்க பணம் கீழே விழுந்து கிடக்கு பாருங்க!’’

வங்கி வாசலில் இப்படி ஒரு குரல் கேட்கும். குனிந்தால், தரையில் சில பத்து ரூபாய் நோட்டுகள். பொறுக்கிவிட்டு நிமிர்வதற்குள் ஸ்கூட்டரில் மாட்டியிருந்த பை போயிருக்கும். நோட்டைப் போட்டவர் ஒருவர், குரல் கொடுத்தவர் ஒருவர், பையை எடுத்தவர் ஒருவர், பைக்கை ஸ்டார்ட் செய்து காத்திருந்தவர் இன்னொருவர். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் சில்லறையைச் சிதறவிட, அடுத்தவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவதும் இதே பாணிதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. கும்பலாகத் திருடுவோருக்கு 7 ஆண்டு வரை தண்டனை தரும் 401-வது பிரிவும் இருந்தது. ஆனால், அது வழக்கமாகத் திருடும் கும்பல் என்று நிரூபித்தாக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, இதற்கென்றே 112-வது பிரிவைக் கொண்டுவந்தது. ‘சிறு அளவிலான ஒருங்கிணைந்த குற்றம்’ என்று அதற்குப் பெயர். பிக்பாக்கெட், கடைத் திருட்டு, வீட்டிலும் வாகனத்திலும் திருடுவது, கவனத்தைத் திசைதிருப்பித் திருடுவது, ஏ.டி.எம். கார்டு விவரங்களை நகலெடுத்துத் திருடுவது எல்லாம் இதில் வரும். ஒரு குழுவையோ கும்பலையோ சேர்ந்தவர் இதைத் தனியாகச் செய்தாலும், கூட்டாகச் செய்தாலும் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு. நகையைப் பறிகொடுத்தவர்களுக்கு இது ஆறுதல் தரும் மாற்றம்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘குழு’ என்றால் எத்தனை பேர்? கூட்டுக்கொள்ளை என்றால் குறைந்தது ஐந்து பேர் என்று சட்டமே எண்ணிச் சொல்கிறது. பெரிய ஒருங்கிணைந்த குற்றங்களுக்கான 111-வது பிரிவு, முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் இருக்க வேண்டும் என்கிறது. 112-ல் இந்த இரண்டு வேலியும் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் வந்த முதல் மசோதாவில் ‘மக்களிடையே பொதுவான பாதுகாப்பின்மை உணர்வை ஏற்படுத்தும்’ குற்றம் என்ற நழுவலான வார்த்தைகள் இருந்தன. டிசம்பரில் வந்த திருத்திய மசோதாவில் அவை நீங்கின. ‘குழு’ மட்டும் விளக்கமில்லாமலே தங்கிவிட்டது.

இதனால் என்ன ஆகும்? கல்லூரி மாணவர்கள் இருவர், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 800 ரூபாய் சென்ட் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இதுதான் முதல் தவறு. போலீஸ் 303-வது பிரிவில் வழக்குப் பதிந்தால், திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்பதால், அதைத் திருப்பிக் கொடுத்தபின் சமூக சேவைதான் தண்டனை. ஜாமீனும் எளிதில் கிடைக்கும். ‘இருவர் சேர்ந்து வந்தார்கள், ஆகவே குழு’ என்று 112-ல் பதிந்தால், ஜாமீன் நீதிமன்றத்தின் கையில். குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஓராண்டு சிறை. ஒரே பாட்டில், ஒரே பையன்கள். எஃப்.ஐ.ஆரில் எழுதப்படும் எண் மாறினால் வாழ்க்கையே மாறிவிடும்.

செய்த காரியத்தைப் பார்க்காமல் ‘இன்ன கூட்டம்’ என்று முத்திரை குத்துவதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆங்கிலேயர் 1871-ல் இயற்றி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழு முழுச் சமூகங்களையே திருடர்கள் என்று பதிவு செய்தது. கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

அதற்காக 112-வது பிரிவே வேண்டாம் என்பதில்லை. கும்பலுக்கு அடையாளம் தலை எண்ணிக்கை அல்ல, வேலைப் பங்கீடு. திசைதிருப்ப ஒருவர், எடுக்க ஒருவர், கைமாற்ற ஒருவர், கடைசியில் திருட்டு என்று தெரிந்தே வாங்க ஒருவர். திருட்டுப் பொருளை வாங்கி விற்பதையே வழக்கமாக வைத்திருப்பவருக்கு 317-வது பிரிவு ஆயுள் தண்டனை வரை தருகிறது. வாங்க ஆள் இருக்கும்வரை, பிடிபட்ட பையனின் இடத்துக்கு இன்னொரு பையன் வந்துகொண்டேதான் இருப்பான். இந்தச் சங்கிலியை நிரூபிக்கும் வழக்கில் 112 சரியான ஆயுதம். சங்கிலியே இல்லாத இடத்தில் அது அநியாயம்.

பறிகொடுத்தவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புகாரில் ‘ஒரு கும்பல் திருடிவிட்டது’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். எத்தனை பேர், யார் பேச்சுக் கொடுத்தது, யார் எடுத்தது, எந்தப் பக்கம் ஓடினார்கள், எத்தனை மணி என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கி, எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். உண்மையான கும்பல் தப்பாமல் இருக்கவும், கும்பலே இல்லாதவர் அதில் மாட்டாமல் இருக்கவும் அந்த நாலு வரிதான் முதல் சாட்சி.