தானே சேரும் நூலகம் நமக்குத் தேவையா?

இன்றைய தகவல் தொழில்நுட்ப உலகில் எக்செல் விரிதாளைப் பயன்படுத்தாத மாணவர் கழகமே இல்லை எனலாம். உறுப்பினர் பட்டியல், சந்தா கணக்கு, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பிரத்தியேக வகுப்பின் வருகைப் பதிவு, போட்டிகளுக்கான நற்சான்றிதழ் எனப் பலவும் அதில்தான் அடங்கியுள்ளன. இவ்வேலைகளை விரைந்து முடிக்கக் கணினித் துறை மாணவர் ஒருவர் மேக்ரோ எழுதித் தருவார். அவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னர், அடுத்த செயலவையினரின் மடிக்கணினியில் அக்கோப்பைத் திறந்தால், நூலகத்தைக் காணவில்லை என்ற பிழைச்செய்திதான் வரவேற்கும். ஸ்கூடாயானாலும் பாரிட் ராஜாவானாலும், ஆண்டுதோறும் செயலவை மாறும் எந்தக் கழகத்திலும் இது நிகழக்கூடியதே.

காரணம் என்ன? மேக்ரோ தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதில்லை. அவுட்லுக் வழி மின்னஞ்சல் அனுப்பவும் கோப்புறைகளைக் கையாளவும் அது பிற நூலகங்களின் துணையை நாடுகிறது. அவற்றை எழுதியவர் ‘ரெஃபரன்சஸ்’ பட்டியலில் குறித்து வைத்திருப்பார். அப்பட்டியல் கோப்போடு பயணம் செய்யும். நூலகம் பயணம் செய்யாது. ஆபிஸ் 2010-இல் அவுட்லுக் நூலகத்தின் எண் 14.0, ஆபிஸ் 2016 முதல் 16.0. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குச் சென்றால் எக்செல் தானே சரிசெய்து கொள்ளும். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் ‘மிஸ்ஸிங்’ என்று காட்டும். அந்நிலையில், அந்நூலகத்தோடு தொடர்பே இல்லாத லெஃப்ட், டேட் போன்ற எளிய கட்டளைகள்கூட முடங்கிவிடக்கூடும்.

தமிழில் பணியாற்றுவோருக்கு இச்சிக்கல் இருமடங்கு. மேக்ரோவின் சாதாரணக் கட்டளையால் தமிழ்ப் பெயர்களை உரைக்கோப்பில் எழுதினால், பெரும்பாலான கணினிகளில் கேள்விக்குறிகளே மிஞ்சும். யுனிகோட் முறையில் எழுத ஏடிஓ நூலகத்தின் ஸ்ட்ரீம் வசதியை நாட வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இத்தேவை எழுவது அரிது. ஆக, நூலகம் அறுந்தால் முதலில் அடிபடுவது தமிழ்தான். சான்றிதழ் நாளைக்கே வேண்டும் என்ற அவசரத்தில் பொறுப்பாளர் என்ன செய்வார்? பெயர்களை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து வேலையை முடிப்பார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் பெயர் எழுதிவிட்டு, படிவம் ஒன்றுக்குச் சென்றதும் அதைப் பதிவேட்டில் காணாத என் போன்றோருக்கு இவ்விழப்பின் பொருள் நன்கு தெரியும்.

இதற்குப் பலரும் பரிந்துரைக்கும் தீர்வு, நூலகத்தை மேக்ரோவே தானாகச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதுவதாகும். ‘ஆட்ஃப்ரம்கைட்’ என்ற கட்டளைக்கு நூலகத்தின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அது பட்டியலில் சேர்ந்துவிடும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் கழகக் கோப்புகளுக்கு இவ்வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலாவதாக, கணினியில் நிறுவப்படாத நூலகத்தை இக்கட்டளையால் சேர்க்க இயலாது. இரண்டாவதாக, இது இயங்க வேண்டுமெனில், எக்செலின் பாதுகாப்பு அமைப்பில், விபிஏ திட்டத்தை அணுக நம்பிக்கை அளிக்கும் பெட்டியைப் பயனர் குறியிட வேண்டும். அக்குறி ஒரு கோப்புக்கு மட்டும் உரியதன்று. அதன்பின் அக்கணினியின் எக்செலில் இயங்கும் எந்த மேக்ரோவும் பிற மேக்ரோக்களைத் திருத்தலாம். 1999 மார்ச்சில் உலகையே அலைக்கழித்த மெலிசா வைரஸ், வேர்ட் மென்பொருளில் இவ்வாறு தன்னைத் தானே நகலெடுத்துப் பரவியதுதான். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும் இத்தகைய ஆபத்துகளை முன்னிட்டே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

மாற்று வழி உண்டு. பட்டியலில் குறிக்காமல், தேவைப்படும் வேளையில் ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ கட்டளையால் நூலகத்தின் பொருளை உருவாக்கிக் கொள்ளலாம். பதிப்பு எண்ணைப் பற்றிய கவலை இல்லை. பாதுகாப்பையும் தளர்த்த வேண்டியதில்லை. தட்டச்சு செய்யும்போது தோன்றும் உதவிக் குறிப்புகள் இதில் கிட்டா. மாறிலிகளின் மதிப்பை நாமே எண்ணால் எழுத வேண்டும். வேகமும் சற்றுக் குறையலாம். இதை மறுப்பதற்கில்லை. ஆனால், இருநூறு பெயர்கள் கொண்ட பட்டியலுக்கு அவ்வேக வேறுபாடு ஒரு பொருட்டன்று. எழுதும்போது நூலகத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒப்படைக்கும் முன் கிரியேட்ஆப்ஜெக்டுக்கு மாற்றிவிட்டால் இரு பயனும் கிட்டும்.

இவ்வழியும் எல்லா நோய்க்கும் மருந்தன்று. விபிஸ்கிரிப்டைப் படிப்படியாக விண்டோஸிலிருந்து நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. நூலகமே இல்லாமல் போனால் எந்தக் கட்டளையும் உதவாது. எனவே ஒவ்வொரு கோப்பின் முதல் தாளிலும், அது எந்தெந்த நூலகங்களை நாடுகிறது, எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி வைப்பது அவசியம்.

தமிழுக்கு இப்பாடம் புதிதன்று. யுனிகோட் பரவுவதற்கு முன், ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. ஆளுக்கோர் எழுத்துருவை அனுப்பிக்கொண்டே இருந்ததால் அச்சிக்கல் தீரவில்லை. எல்லாருக்கும் பொதுவான குறியீட்டை ஏற்றபோதுதான் தீர்ந்தது. அப்பணியில் முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டவர் முத்து நெடுமாறன் போன்றோரின் பங்கு பெரிது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியதும் நமக்குப் பெருமையே.

ஆகவே, மேக்ரோ எழுதும் அண்ணன் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறுப்பை ஒப்படைக்கும் முன், உங்கள் கோப்பை உங்களுடையது அல்லாத ஒரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ஒரு மாணவியின் பெயர் பிழையின்றித் தமிழில் அச்சானால், உங்கள் பணி நிறைவுற்றது எனக் கொள்ளலாம்.