ஜாமீன் கிடைத்தது; கதவு திறக்கவில்லை!

ஓசூர் ஆலைகளில் ஒடிசாத் தோழனும் பீகார்த் தோழனும் நம்மோடு தோள் சேர்த்து உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கைதானால், அரசுச் செலவில் வாதாட வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. அவர் வாதாடுகிறார், ஜாமீனும் வாங்குகிறார். "உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர், வீட்டுவரி ரசீதோடு வரட்டும்" என்று நிபந்தனை போட்டால்? வாடகை அறையில் பத்துப் பேரோடு படுப்பவன் ரசீதுக்கு எங்கே போவான்? வென்ற வழக்கில் சிறைக்கதவு திறக்காதது கண்டு அந்த வழக்கறிஞர் மனம் கசந்தால், குற்றம் அவருடையதா?

1978இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் சீறினார். தமிழன் பஸ்தரில் கைதானால் என்ன செய்வான் என்று கேட்டார். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று 2023இல் அதே நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. 45 ஆண்டுகள்! 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பே பெறாதவர்கள்.

பஸ்தரில் தமிழனுக்குக் கேட்ட நீதியை ஓசூரில் பீகாரிக்கு மறுக்கலாமா? ஜாமீன்தாரர் இல்லாதவனைச் சொந்த ஜாமீனில் விடுக! தோழர்களே, கைதானவனின் வேலை, இருப்பிட விவரங்களைத் திரட்டி அந்த வழக்கறிஞர் கையில் சேர்ப்பீர்! அவர் தனியாள் அல்லர் என்று காட்டுவோம்!