முகவரிக்கு வரவு, சுரங்கத்துக்கு நாமம்

நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறதாம். எல்லாம் மும்பையில் குவிந்திருக்கும் தலைமையகங்களின் கைங்கரியமாம். ஆகவே தமிழ்நாடு ஆலைகளின் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டு, மானியம் கொடுத்தாவது தலைமையகங்களைப் பிடித்துவர வேண்டுமாம். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இதுதான். தலைமையக வேலை ஒன்று வெளியே ஐந்து வேலைகளை உண்டாக்கும் என்று ஒரு பெருக்கல் வாய்ப்பாடும் உண்டு. வரிப் புள்ளிவிவரத்தில் பிழையில்லை. அதை வைத்துக் கட்டுரையாளர் கட்டிய மாளிகைக்குத்தான் அஸ்திவாரம் இல்லை.

டாடா ஸ்டீலைப் பாருங்கள். பதிவு அலுவலகம் மும்பையின் பாம்பே ஹவுஸ். இரும்புத் தாது வெட்டுவது நோவாமுண்டியிலும் ஜோடாவிலும். நிலக்கரியில் ஒரு பகுதி ஜாரியாவிலிருந்து வருகிறது. எஃகு உருகுவது ஜாம்ஷெட்பூரிலும் கலிங்கநகரிலும். லாபத்துக்கான வரி மட்டும் மும்பையில் கட்டப்பட்டு மகாராஷ்டிரத்தின் பெயரில் ஏறுகிறது. புழுதி ஜார்க்கண்டுக்கு, புகை ஒடிசாவுக்கு, புகழ் மகாராஷ்டிரத்துக்கு! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்தக் கையைத்தான் கட்டுரையாளர் வளர்ச்சி என்று வர்ணிக்கிறார்.

இது பழைய வழக்கு. கே.சி. நியோகி தலைமையிலான முதல் நிதிக்குழுவின் முன்பே, வருமான வரியை வசூலான இடத்தின்படி பங்கிட வேண்டும் என்று பம்பாயும் மேற்கு வங்கமும் வாதாடின. குழு வசூலுக்கு 20 சதவீதம் ஒதுக்கி, மீதி 80ஐ மக்கள்தொகைக்குக் கொடுத்தது. பின்னால் வந்த குழுக்களில் இந்த எடை 10க்கும் 20க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது; பத்தாவது நிதிக்குழு அதை ஒரேயடியாகக் கைகழுவியது. அசாமில் தேயிலை பறிக்க, கம்பெனிகளின் அலுவலகம் கல்கத்தாவில் இருக்கும். அங்கே கட்டும் வரியை வங்காளத்தின் உழைப்பு என்று எப்படிச் சொல்வது? நிதிக்குழுக்கள் தூக்கிப் போட்டதைக் கட்டுரையாளர் தூசி தட்டி எடுத்துவந்திருக்கிறார்.

சரி, தலைமையகம் ஒரு வட்டாரத்துக்குத் தருவதை எப்படி அளப்பது? அது சந்தையில் பெரும்பாலும் எதையும் விற்பதில்லை. எனவே ஐக்கிய நாடுகளின் 2008 தேசியக் கணக்கு முறை, வேறு வட்டாரத்தில் இயங்கும் தலைமையகம் போன்ற துணை அலகைத் தனி அலகாக எடுத்து, அதன் உற்பத்தியைச் செலவின் கூட்டுத்தொகையாக மதிப்பிடச் சொல்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் சம்பளம், தேய்மானம், வாங்கிய பொருட்களும் சேவைகளும் இதில் அடங்கும். வெளியிலிருந்து வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கூட்டிய மதிப்பு. கம்பெனியின் மொத்த விற்றுமுதலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்தியாவில் இன்னொரு வேடிக்கை. 2015 ஜனவரியில் வந்த, 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் ஆலைவாரிக் கணக்கு நிறுவனவாரிக் கணக்காக மாறியது. தலைமையகத்தில் நடக்கும் வேலையின் மதிப்பும் உற்பத்தித் துறையில் சேர்ந்தது. ஆனால் மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு காட்டும் விகிதமே பயன்பட்டது. அதாவது வரிக் கணக்கு தலைமையகத்தின் பக்கம் சாய்கிறது, மாநில உற்பத்திக் கணக்கு ஆலையின் பக்கம் சாய்கிறது. எதிரெதிராகச் சாயும் இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ‘ஒப்பீடு’ என்று தலைப்பிடக் கட்டுரையாளருக்குக் கூச்சமே இல்லை.

தலைமையகத்தை மானியத்தால் இழுத்த ஊருக்கு உதாரணம் சிகாகோ. 2001இல் போயிங் நிறுவனத்தைச் சியாட்டிலிலிருந்து அழைத்துவர, அந்த நகரமும் இல்லினாய் மாநிலமும் 6 கோடி டாலருக்கு மேல் சலுகை அறிவித்தன. வந்து உட்கார்ந்தவர்கள் சுமார் 500 பேர். விமானங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டனிலும் எவரெட்டிலும் தயாராகிக்கொண்டே இருந்தன. 2018இல் போயிங்கின் வருவாய் 10,100 கோடி டாலர். கட்டுரையாளரின் அளவுகோலை வைத்தால் அது முழுக்கச் சிகாகோவின் சாதனை! 2022இல் தலைமையகம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்குப் பெட்டி கட்டியது. ரென்டனில் ஒரு போல்ட்டும் இடம் மாறவில்லை.

ஒன்றுக்கு ஐந்து என்ற வாய்ப்பாட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்த ஐந்து பேரும் தலைமையகம் வராவிட்டால் வேலையின்றிக் கிடப்பார்கள், சம்பளம் முழுவதும் உள்ளூரிலேயே செலவாகும் என்று இரண்டு கற்பனைகள் அதன் அடியில் இருக்கின்றன. இரண்டுக்கும் அவர் ஆதாரம் காட்டவில்லை.

மும்பையில் தணிக்கையாளர்களும் வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் அருகருகே இருப்பதால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே 1875இலேயே பங்குச்சந்தை இருந்தது. 1937இல் ரிசர்வ் வங்கியின் மத்திய அலுவலகம் கல்கத்தாவிலிருந்து வந்தது. பணமும் சந்தையும் இருந்த ஊரைத் தேடித் தலைமையகங்கள் வந்தன. காரணத்தையும் விளைவையும் கட்டுரையாளர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

நம் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. என்எல்சியின் பதிவு அலுவலகம் சென்னையில், அதன் தலபிரா நிலக்கரிச் சுரங்கம் ஒடிசாவில். அந்தச் சுரங்கத்தின் லாபம் தமிழ்நாட்டின் உழைப்பு என்று கட்டுரையாளர் ஒடிசாவில் போய்ச் சொல்லத் தயாரா? தயாரில்லை என்றால் வரிப் பட்டியலைக் காட்டி மானியம் கேட்பதை அவர் நிறுத்தட்டும். அரசும் சலுகை கேட்டு வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், இங்கே எத்தனை பேருக்கு எவ்வளவு சம்பளம், இங்கே வாங்குவது எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அதை மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.